வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது

என் செல்லக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வண்டிக்குத்தான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் சளி இருமல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். தபால் ஆபீஸ் கவுண்டரில் ஆயுசில் பாதியைக் கழித்தவளுக்குக் கடிதத்தின் மேல்தான் நம்பிக்கை, அது ஒரு காரணம். இன்னொன்று, இது அப்பா இல்லாதபோது சொல்ல வேண்டிய விஷயம், அவரோ ஓய்வு பெற்றதிலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுகிறார். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார். போன தடவை என்னிடம் பேசும்போது நீ பொரிந்து தள்ளினாயே, "அப்பா வண்டி ஓட்டிக்கிட்டே போன் எடுக்கறார், வீட்டுக்குப் போய் கூப்பிடுங்கன்னா கூப்பிடறதும் இல்ல, இனிமே வண்டியில இருந்தா நான் கட் பண்ணிடுவேன்" என்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் வண்டிக் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அவசரப்படாமல் படி.

அந்த வண்டி வீடு வந்து சேர்ந்த கதையே உனக்குப் பாதிதான் தெரியும். சாம்பல் நிறம் கேட்டுப் பதிவு செய்தோம். கப்பலில் இருக்கிறது, கிடங்கில் இருக்கிறது, கிளம்பிவிட்டது என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஒருவழியாக வரச் சொன்ன அன்று அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் போய் நின்றார், எங்கள் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு சீக்கிரம் தயாராகவில்லை. ஷோரூமில் ரிப்பன் கட்டிய வண்டிக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தி, அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சிரித்து முடித்தபோது வேறொரு குடும்பம் வந்து இது எங்க வண்டியாச்சே என்றது. அவர்கள் சொன்னதுதான் சரி. நீ தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாயே ஒரு படம், அதில் இருப்பது யாருடைய வண்டியோ. பல் மட்டும்தான் எங்களுடையது, அதிலும் அப்பாவுக்கு முன்னால் இரண்டு கட்டிய பல். நம் வண்டி அதற்கப்புறம் ஒரு மழை நாளில், கதவில் ஒரு கீறலோடும் ஒற்றைச் சாவியோடும் வந்து சேர்ந்தது. இன்னொரு சாவியைத் தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம் என்றார்கள், இன்றுவரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். உன்னிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், ஆசையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று அப்பாதான் தடுத்துவிட்டார். பேசும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம், போன் பேச்சு வண்டி ஸ்பீக்கரிலேயே கேட்கும் என்று நீ அடம்பிடித்து வாங்கச் சொன்ன மாடல் அல்லவா.

வந்த கொஞ்ச நாளிலேயே அது படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் டக் டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. இழுத்துப் போகும் வண்டி வந்து, நம் புது வண்டியை முன்காலைத் தூக்கி அழைத்துப் போனதை மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், எனக்கு மானமே போயிற்று. சர்வீஸ் சென்டரில் நம் வண்டியைக் கவனிப்பவருக்கு அப்பா நாளைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். அங்கே எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வண்டியைக் கழுவித் தந்துவிடுகிறார்கள். பேட்டரி செத்துவிட்டது என்றாலும் கழுவுவார்கள், கதவில் கீறல் என்றாலும் கழுவுவார்கள். கீறல் இப்போது பளபளவென்று இருக்கிறது. முதல் தடவை வாரண்டியில் புது பேட்டரி போட்டார்கள். அதுவும் படுத்தது. இரண்டாவது தடவை வண்டியை அவர்களிடமே வைத்துக்கொண்டு எதையெதையோ கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்தது. அவர்களிடம் இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கிறது, நம்மிடம் வந்தால்தான் மக்கர். நான் விடவில்லை. புது வண்டியைக் கொடுத்துவிட்டு எங்களை இப்படி அலைக்கழித்தால் எப்படி என்று போனில் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். நாளைக்காரர் அதிசயமாக அன்றைக்கே நேரில் வந்துவிட்டார்.

வந்தவர் பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டு, "இஞ்சினை ஆன் பண்ணாம ரேடியோ, ஃபேன் போட்டுக்கிட்டு யாராவது உள்ள உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. நான் குறுக்கே புகுந்து, நாங்கள் என்ன பைத்தியமா, வேலை மெனக்கெட்டு நிற்கிற வண்டியில் போய் உட்கார்வதற்கு என்று சண்டைக்கு நின்றேன். அவர் பொறுமையாக, "ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கொஞ்ச தூரம் ஓட்டணும்மா, போன தடவையே சார்கிட்ட சொன்னேன், சரின்னாரே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா அப்படி எதையும் வீட்டில் வந்து சொல்லவில்லை. நாளைக்காரர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு தடவை கேட்டபோதும், எல்லாம் பார்த்துக்கறேன்னு சொன்னார் என்ற ஒரே பதில்தான். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன் என்று இத்தனை நாள் அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் லேசாகச் சந்தேகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஒரு சுத்து போயிட்டு வரேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வண்டி நிற்கும் இடம் கட்டடத்துக்குப் பின்னால், நம் ஜன்னலிலிருந்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போனேன். வண்டி போட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது. உள்ளேயிருந்து உன் குரல் வருகிறது கண்ணு. மூடிய வண்டிக்கு வெளியே எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்திருக்கிறார். "அப்பா, மறுபடியும் ரோட்டுலயா இருக்கீங்க? எத்தனை தடவை சொல்றது, நான் வைக்கறேன்" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். அவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், ஒருவேளை திரும்பக் கூப்பிடுவாள் என்று பார்த்தாரோ என்னவோ. எனக்குக் குப்பைக் கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி விழித்தார். பிறகு அவராகவேதான் சொன்னார். "மேல போன்ல அவ குரல் வர்றது தெரியுது, என்ன சொல்றான்னு தெரியல. இங்க பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். சும்மா நிற்கிற வண்டியில் பெட்ரோல் எரிப்பது பாவம் என்று இஞ்சினைப் போடுவதில்லையாம், புழுக்கத்துக்கு ஃபேன் மட்டும். நீ கூப்பிடுவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார், போனைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று. பேட்டரி எப்படித் தாங்கும். அதற்கு ஏன் ரோட்டில் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டும் என்றேன். "நிக்கற வண்டியில எதுக்குப்பா உக்காந்திருக்கீங்கன்னு கேப்பா, என்னன்னு சொல்றது" என்றார். சரி, இப்போது என்ன சொன்னாள் என்று கேட்டேன், எனக்குத் தெரியாத மாதிரி. முகமெல்லாம் சிரிப்பாக, "திட்டினா. ஒரு வார்த்தை விடாம கேட்டுது" என்றார்.

அச்சகத்தில் அந்த மிஷின்களுக்கு நடுவில் நின்றே காலம் தள்ளியவர், காது எப்படி மிச்சம் இருக்கும். நாம்தான் கவனிக்கவில்லை. நீ கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இந்தா அம்மாகிட்ட பேசு என்று என் கையில் திணித்துவிடுவாரே, பொண்ணோடு பேச இவருக்கு என்ன வலிக்கிறது என்று நீயும் நானும் எத்தனை தடவை அவர் தலையை உருட்டியிருக்கிறோம். நீ அழாதே, நான் ஒருத்தி அழுதது போதும். மறுநாள் நாளைக்காரர் போன் செய்து, ஏதாவது தெரிந்ததா என்றார். நான்தான் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன், வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். சண்டை போட்ட அதே வாயால் சொன்னதில் அவருக்கு ஒரே சிரிப்பு. அப்படியென்றால் இனி பேட்டரி மாற்றினால் வாரண்டியில் வராதே என்று இழுத்தார், பிறகு அவரே மனசு இளகி, மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் நாளைக்கு சொல்கிறேன் என்றார். அந்த நாளை எப்போது வருமோ. இனிமேல் நானும் கூடவே போய் உட்கார்ந்து இஞ்சினைப் போட வைக்கப் போகிறேன், நீ பேசி முடித்ததும் நிஜமாகவே ஒரு சுத்து போய் வருவோம். ஓடும்போது போன் என் கைப்பையில்தான் இருக்கும், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மிஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னால் முதலில் முறைப்பார், அந்த முறைப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்தப் பேச்சை எடுக்காதே, நீ வளர்ந்துவிட்டாய் என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, உன் முன்னால் தான் தளர்ந்துவிட்டதாகத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போட்டு வெளியே அனுப்பு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது. முடிவெட்டப் போனவர் படியேறி வரும் சத்தம் கேட்கிறது, முடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. ரோட்டில் இருக்கிறேன் என்றுதான் சொல்வார், சொல்லட்டும். பார்த்து ஓட்டுங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அம்மா