அப்பாவின் இரத்தமும் வாகரை பஸ்ஸும்

வாகரை

அன்பு மகன் சிவதர்ஷனுக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும் என்று நினைத்தபடி எழுதத் தொடங்குகிறேன், இங்கும் சுகம் என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை. அன்று போனில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அப்பா இரத்தம் சோதிக்கக் கொடுத்த அந்தக் கிழமை முழுக்க, சலம் போவதற்குக் கொடுத்த குளிசையைப் போடவில்லை. ஸ்கேன், செத்தவீடு, கிளினிக் என்று நாள்தோறும் மட்டக்களப்புக்குப் பஸ் பயணம், அதைப் போட்டால் அடிக்கடி இறங்கவேண்டும், பஸ்ஸில் அதற்கு எங்கே இடம். நெஞ்சு வருத்தக்காரர் பலரும் பயண நாளில் இப்படித்தான் செய்கிறார்கள், டாக்டரிடம் சொல்வதுமில்லை. உடம்பில் நீர் கட்டி, இதயம் சிரமப்படும்போது இரத்தத்தில் கூடுகிற அந்த பி.என்.பி. போனமுறையைவிட மூன்று மடங்கு காட்டியது. நீ அறிக்கையின் படத்தைப் பார்த்து, எங்கோ வாசித்த ஆராய்ச்சியோடு ஒப்பிட்டு, "அஞ்சு வருசம் தாண்டுறது கஷ்டம்" என்றாய். போன் ஸ்பீக்கரில் அவர் மடியில் கிடந்தது, மகன். நான் வாய் திறக்கப் போனேன், அவர் கையைக் காட்டி மறித்தார், பிள்ளைக்கு முன்னால் சலக் கதை கதைக்க வெட்கம். அப்பாவை இரண்டாந்தாரமாகக் கட்டி வந்த, உன்னைவிட ஏழு வயதே மூத்த சின்னம்மா நான், உங்கள் இருவருக்கும் நடுவில் பேசத் தயங்கிவிட்டேன். அடுத்த நாளே வட்டையில் உள்ள நம் வயலை இந்தப் போகத்துக்கு அழகரத்தினத்திடம் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "அஞ்சு வருசத்துக்கு இவ்வளவு காணும்கா" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளுகிறார்.

அந்த ஆராய்ச்சிகளை நானும் தேடி வாசித்தேன். இலக்கம் உயர்ந்தவர்களில் கூடுதலானோர் பின்னாளில் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, உன் அப்பாவுக்கு எழுதிய தவணை இல்லை. அவர்களில் எவராவது வாகரை பஸ்ஸில் வந்தார்களா என்றும் அதில் இல்லை. எனக்கு உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம், வாயை மூடியிருந்த என்மேல் அதைவிடக் கோபம்.

கடைசியில் டாக்டரிடம் நானே சொன்னேன். குளிசையை ஒழுங்காகப் போட்டு, இரத்தம் சோதனைக்குத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். "பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரும் பாக்க நான் பத்தைக்குள்ள போறதா, மானம் போகும்கா" என்று அப்பா ஒரே சண்டை. கொண்டக்டரிடம் நானே கேட்டேன். மாங்கேணி தாண்டி நிறுத்தினார்கள். அப்பா இறங்க, பின்னாலேயே இன்னும் நாலு பேர் இறங்கினார்கள். "சாமித்தம்பி அண்ணன் ஹோல்ட், வேற ஆரும் இருந்தா இப்பவே இறங்குங்க" என்று அப்பாவின் பேரிலேயே ஒரு தரிப்பிடம் வைத்துக் கொண்டக்டர் கத்த, எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

இனி இலக்கம் ஏதும் கேட்பதென்றால் எனக்குத் தனியே எழுது, அவரிடம் மழையைப் பற்றிக் கேள். குளிரில் கவனம், நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு போன் எடுக்க மறக்காதே. மாமாங்கப் பிள்ளையார் உன் பக்கம் நிற்கட்டும்.

உன் சின்னம்மா
நிருஷா

பி.கு. கடிதத்தை ஒட்டுமுன் இரண்டாவது அறிக்கை வந்தது. இலக்கம் பாதிக்கும் கீழே. அப்பா எழும்பி வட்டைக்குப் போனார். நம் வயலில் அழகரத்தினம் விதைத்த நெல் முளைத்திருந்தது.