அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இதிலாவது உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு அனிமேஷன் படத்தில் தீக்காட்சி செய்கிறோம். எரியும் தீக்கு மேலே காற்று நெளியுமே, அந்த நெளிவைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குவது என் வேலை. நேற்று எங்கள் மேலாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணிக்குள்ள தீ எரியற மாதிரி இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நிஜ அனலைப் பார்த்துச் செய்யலாமென்று, நீங்கள் அனுப்பிய சமையல் வீடியோவை ஓட்டினேன். அக்காவின் பிரசவத்துக்கு அம்மா போனதிலிருந்து, "நானே சமைச்சுச் சாப்பிடறேன், கவலப்படாத" என்கிறீர்களே, அதற்குச் சாட்சியாக அனுப்பியதுதான். அடுப்பையே மறைக்கும் பெரிய சட்டியை மும்முரமாகக் கிளறுகிறீர்கள். அடுப்பு எரிந்தால் பின்சுவரின் டைல்ஸ் கோடுகள் கொஞ்சமாவது நெளிய வேண்டும். பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக நிற்கின்றன. அடுப்பைப் பற்றவைக்காமல் எதை அப்பா கிளறினீர்கள்?

வேறு வீடியோ எடுத்து அனுப்புங்கள். தீ தெரிய வேண்டும், சுவரும் தெரிய வேண்டும். உங்கள் முகமும் தெரியட்டும். ஏதாவது பேசிக்கொண்டே கிளறுங்கள். வேலைக்காகத்தான் கேட்கிறேன்.

மேலாளர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். போன வாரம் நான் சமைத்ததென்று அனுப்பிய போட்டோவில் மட்டும் சோற்றில் ஆவி பறந்ததே என்று என்னை மடக்க வேண்டாம். அந்த ஆவி என் கைவேலை.

உங்கள் சின்னவள்