வைக்கோல் போருக்குள் பிள்ளையார்

1951 ஜனவரி 9
இதை யார் எடுத்தாலும் உங்கள் காலில் விழுகிறேன், அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று ஆரோக்கியம்மாள் டீச்சர் பேப்பர் வாசித்தார். லண்டன் கோயிலில் ராஜாக்கள் முடிசூடும் நாற்காலிக்கு அடியில் இருந்த கல்லைக் கிறிஸ்துமஸ் அன்று யாரோ தூக்கிவிட்டார்களாம். அறுநூறு வருஷத்துக்கு முன் இங்கிலீஷ் ராஜா ஸ்காட்லாந்திலிருந்து பிடுங்கி வந்த கல். ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல்தான் சந்தேகம்.

"இது திருட்டா?" என்றார் டீச்சர். என் பக்கத்தில் இருக்கும் சின்னப்பிள்ளை எழுந்தாள். "அவுங்க கல்ல அவுங்க எடுத்தாங்க டீச்சர். எங்க பிள்ளையாருந்தான் கீழூர்ல இருக்காரு."

ஜனவரி 10
திருடி வைத்த பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்று, நான் பிறக்கும் முன்பே கீழூர்க்காரர்கள் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். போய் எடுக்கலாம் என்கிறாள் சின்னப்பிள்ளை. வரமாட்டேன் என்றேன். "அப்ப நீ இங்கிலீஷ்காரி" என்றாள்.

ஜனவரி 20
எடுத்துவிட்டோம். புல்லுக்கூடையில் வைத்து, மேலே புல்லைப் போட்டு மூடினோம். கீழூர்க்காரர் ஒருவரே என் தலையில் தூக்கிவிட்டார்.

"புல்லு என்னத்தா இம்புட்டுக் கனம்?"

"ஈரப்புல்லு மாமா."

மழையைப் பார்த்தே எத்தனையோ மாதமாகிறது.

கூடையோடு எங்கள் வைக்கோல் போருக்குள் திணித்திருக்கிறோம்.

பிப்ரவரி 2
ஐயோ. ஊர் கூடி முடிவெடுத்து, அப்பாவும் இன்னும் மூவரும் நேற்று வண்டி கட்டி அதே பிள்ளையாரை எடுக்கப் போனார்களாம். வெறும் மேடைதான் இருந்ததாம். "எந்த ஊருக் களவாணிப்பயலோ முந்திக்கிட்டான்" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார். களவாணிதான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11
போர் குறைந்துகொண்டே வருகிறது. இந்த மாடுகள் ஏன் இப்படித் தின்கின்றன?

ஏப்ரல் 16
ஸ்காட்லாந்தில் ஒரு பாழடைந்த கோயிலில் கல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று ஓடி வந்தேன். போருக்குள் பிள்ளையார் இல்லை.

நம் ஊர்ப் பழைய மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பா. அவர் கழுத்திலும் மாலை. "ஒத்த ஆளாத் தூக்கியாந்துட்டாரே நம்ம குழந்தைசாமி" என்று ஊரே அப்பாவைப் புகழ்கிறது. அப்பா இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். உடனே வானத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 23
லண்டன் கல்லை எடுத்தவர்கள் ஸ்காட்லாந்து மாணவர்கள்தானாம், அவர்கள் மேல் வழக்கு இல்லையாம்.

சாப்பிடும்போது அப்பா, "அடுத்த கிளாசுக்குப் பொஸ்தகம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார், ரசத்தைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் மேலூர் பெரியகருப்பன் தேங்காய் பழத்தோடு வந்தார். அவர்கள் ஊருக்கும் ஒரு பிள்ளையார் வேண்டுமாம். "ஒத்த ஆளாத் தூக்க ஒங்கள விட்டா யாரு இருக்கா?" அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டார்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், மெதுவாகக் கூப்பிடுகிறார்.

"ஆத்தா, முழிச்சிருக்கியா? அதக் கீழூர்லருந்து எப்புடித்தான் தூக்கு—