முப்பத்தொரு பெயர்கள்

தோப்பூர்,
12.06.1968

அன்புள்ள தம்பி கலீலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் மச்சானும் சுகம். நீ கொழும்புக்குப் போய் ஆறு மாதமாகிறது. எனக்கு வந்தது ஒரேயொரு கடிதம், அதிலும் பாதி உன் தடிமலைப் பற்றியது. தேறிவிட்டாயா?

உன் உம்மா சுபைதா சாச்சி ஆள் மூலம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். நம் குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதி, ரேடியோவில் விருப்பப் பாட்டுக் கேட்கப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிறு மத்தியானம் கிண்ணியா வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வாப்பா கதிரையில், அவருக்குப் பக்கத்தில் ரேடியோ, பாயில் நாமெல்லாம். பாட்டு நடக்கும்போது யாரும் இருமினால்கூடத் திரும்பி முறைப்பார். ஆனால் அவர் மட்டும் கூடப் பாடுவார். சுருதி ஒரு பக்கம் போகும், வாப்பா ஒரு பக்கம் போவார். சிரிப்பை அடக்கி உனக்கும் எனக்கும் வயிறு நொந்துவிடும். அந்த வாப்பாதான் ஆர்மோனியக்காரனுக்கு மகளைத் தர ஏலாது என்று நின்றார். “பாட்டுக் கேக்கிறது வேற, கூலிக்கு வாசிக்கிறவன் வேற” என்றார். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானோ வாப்பாவை மீறிக் கலியாணம் செய்து, மாமியார் வீட்டுக்கு வந்தவள். இரண்டு வருடமாக வாப்பா என் பெயரை வாயால் சொன்னதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். என் பெயரையும் உன் மச்சான் தாஹிர் பெயரையும் சேர்த்து எழுது. கடைசியில் என்றாலும் போதும். வாப்பா சொல்லாவிட்டால் அவருடைய ரேடியோவாவது சொல்லட்டும்.

உன் ராத்தா,
றம்ஸியா


கொழும்பு,
17.06.1968

என் ராத்தாவுக்கு ஸலாம்.

தடிமல் போய்விட்டது, இனிக் கேட்டுக் கேலி செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் கேட்கவும் வேண்டுமா? நீங்கள் இல்லாமல் ஒரு பட்டியலா? எல்லோரையும் சேர்த்தால் முப்பத்து மூன்று பேர். ஒரு தபாலட்டைக்குள் அடக்குவதற்கு எறும்பு எழுத்தில்தான் எழுத வேண்டும். ஜூலை ஏழாம் திகதி ஞாயிறு குடும்பங்களுக்கான நிகழ்ச்சியாம், அதற்குத்தான் அனுப்புகிறேன். அறையில் என்னோடு இருக்கும் மூன்று பேரிடமும் எங்களுடையது பாட்டுக் குடும்பம் என்று அளந்து வைத்திருக்கிறேன். அவர்களும் கேட்கக் காத்திருக்கிறார்கள். மச்சானுக்கு என் ஸலாம்.

கலீலுர் றஹ்மான்


தோப்பூர்,
08.07.1968

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுக் காலையிலேயே குளித்து, பெருநாள் சேலையை உடுத்திக்கொண்டேன். ரேடியோவுக்கு என்னத்துக்குப் புதுச் சேலை என்று இவர் கேலி செய்தார். அவரும் எண்ணெய் வைத்து, தலை வாரி, சேட்டுப் போட்டுத்தான் இருந்தார். அயல் முழுக்கச் சொல்லிவைத்தது என் பிழை. இடமில்லாமல் வாசலிலும் சனம் நின்றது. மாமி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

கிண்ணியா என்றதும் ரேடியோவுக்குக் கிட்டப் போய் இருந்தேன். வாப்பா, உம்மா, சாச்சி, தங்கச்சி அசனா, இன்னும் நடக்கத் தொடங்காத அன்ஸாரின் பிள்ளை வரை வந்தது. விரல் மடித்து எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு பேர். பிறகு பாட்டுத் தொடங்கிவிட்டது.

வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. ஒருவர் சிரித்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன். “எத்தின பேரத்தான் வாசிக்கிற புள்ள, மூச்சு முட்டியிருக்கும்” என்றார் மாமி. இவர் எழும்பிக் குசினிக்குள் போய், கோப்பைகளையெல்லாம் கழுவிக்கொண்டு நின்றார். சனம் போன பிறகுதான் வெளியே வந்தார்.

நீ எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். ரேடியோவில்தான் விட்டிருப்பார்கள். ஓம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. இவருக்குக் காட்ட வேண்டும்.

றம்ஸியா


கொழும்பு,
12.07.1968

அன்புள்ள ராத்தா,

ஓம், எழுதினேன். கடைசி வரியில் உங்கள் இருவருடைய பெயரும் இருந்தது. நேரம் போதாமல் விட்டிருப்பார்கள். உம்மாவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மனம் வருந்த வேண்டாம். கடையில் வேலை அதிகம், இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

கலீல்


கொழும்பு,
02.08.1968

ராத்தா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் உங்கள் பெயரை எழுதவில்லை. ரேடியோக்காரர் மேல் ஒரு பிழையும் இல்லை.

உம்மாவின் கடிதம் முந்தாநாள் வந்தது. அன்றைக்குப் பெரியவாப்பா பாட்டைக் கேட்கவே இல்லையாம். பெயர்கள் முடிந்த பிறகும் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு இருந்தாராம். “முடிஞ்சா? என்ட மகள்ட பேர் வரல்லையே” என்று கேட்டுவிட்டுச் சோறு தின்னாமல் எழும்பிப் போனாராம்.

உங்கள் பெயர் வந்தால் அவர் எல்லோர் முன்னாலும் ரேடியோவை மூடிவிடுவார் என்று பயந்தேன் என எழுதத்தான் முதலில் நினைத்தேன். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அட்டை எழுதும்போது அறைக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, “ஆர் இந்த தாஹிர், என்ன வேலை?” என்று கேட்டான். நான் வியாபாரம் என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்தப் பெயரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அட்டையைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

மச்சான் வாசிக்கும் இடமெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்தவன் நான். ஊரில் அவ்வளவு பெருமைப்பட்டுவிட்டு, ஒரு அறைக்காரன் முன்னால் அவரை மறைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அடுத்த கிழமை லீவு கேட்டிருக்கிறேன். வந்து, மச்சானிடமும் பெரியவாப்பாவிடமும் என் வாயாலேயே உண்மையைச் சொல்கிறேன். மன்னிக்க ஏலுமென்றால் மன்னியுங்கள்.

கலீல்


தோப்பூர்,
09.08.1968

கலீலுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இவர் கண்ணில் படக்கூடாது.

அது வருவதற்கு மூன்று நாள் முன்பு வாப்பா இங்கே வந்தார். தோணியில் துறை கடந்து, பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே, “கலீல் தம்பி எழுதிக் குடுத்தும் அந்த ரேடியோக்காரன் என்ட புள்ளைட பேர விட்டுட்டான். அவன் விட்டா நானும் விடுறதா?” என்று சத்தம் போட்டார். பிறகு அழுதார். நானும் அழுதேன். இவரைப் பக்கத்தில் இருத்தி, “ஒரு பாட்டு வாசிங்க மருமகன்” என்றார். பொழுது சாயும்வரை இவர் வாசிக்க, வாப்பா கூடப் பாடிக்கொண்டே இருந்தார்.

மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. வாப்பா வேண்டாம் என்றதை எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நீ இவருடைய பாட்டை வயிறு நிறையக் கேட்டுவிட்டு, ஆளை மட்டும் கிழித்துப் போட்டிருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உண்மையைச் சொல்ல நீ வர வேண்டாம். சொன்னால் உனக்கு மனம் இலேசாகிவிடும். இங்கே இரண்டு பேருக்கு நெஞ்சு உடைந்துவிடும். அடுத்த மாதம் அசனாவின் கலியாணத்துக்கு வா. இவர்தான் வாசிக்கிறார், வாப்பாவே கேட்டுவிட்டார். “எங்கட பேரையும் மறக்காம எழுதினது கலீல் ஒருத்தன்தான்” என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். உன்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடிப்பார். நீ கையை இழுத்துக்கொள்ளக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து, “ஓம் மச்சான், எழுதினனான்” என்று சொல்ல வேண்டும்.

றம்ஸியா