கிரிக்கெட் கேம் எழுதிய கந்தசாமி

2005 ஆகஸ்ட் 6, சனி

பர் துபாயில் ஒரே புழுக்கம். கடை ஏசி மறுபடி மக்கர். ரிப்பேருக்கு வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர். முதுகு வலி.

மதியம் சும்மா நெட்டில் மெல்போர்ன் கம்பெனியைத் தேடினேன். எண்பதுகளில் படிக்கப் போன இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கேசட் டேப்பில் ஓடும் கிரிக்கெட் கேம் எழுதினேனே, அது. ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் வீடியோ கேம் செய்தவர்களில் அவர்களும் உண்டு. யாரோ அதன் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கும் ஒரு பத்தி. கேமை எழுதியவர் கந்தசாமி, சொந்த ஊருக்குப் போன இடத்தில் இளம் வயதிலேயே காலமானார் என்று.

கந்தசாமி என் அப்பா.

7, ஞாயிறு

யோசித்ததில் புரிந்தது. வேலைக்குச் சேரும்போது கே. சிவராமன் என்ற என் பெயரில் இனிஷியலை விரித்து 'கந்தசாமி சிவராமன்' என்று எழுதினேன். முன்னால் இருப்பதுதான் பெயர் என்று எல்லோரும் கந்தசாமி என்றே கூப்பிட்டார்கள். திருத்தக் கூச்சம். அப்பாவுக்கு முடியவில்லை என்று லீவில் ஊருக்கு வந்தேன். அவர் போனதும் சித்தப்பாதான் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். 'கந்தசாமி காலமானார்.'

குடும்பம் என் தலையில். திரும்பிப் போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று கம்பெனியிலும் கேட்கவில்லை. செத்தவனிடம் எப்படிக் கேட்பார்கள்?

8, திங்கள்

முதலாளி ரஃபி பாயிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், எதற்கும் கிண்டல் செய்பவர். சிரிக்கவில்லை.

"அண்ணே, நீங்க உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். அதுலயும் உங்க பேரு இல்லன்னா எப்படி?"

உண்மைதான், அதனால் சுட்டது. அந்த வரலாற்றைப் போட்டவர்களுக்குப் பெயர்க் கதையை எழுதினால் மெயில் நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு, கிரிக்கெட் கேமை எழுதியவன் சாகவில்லை, போன் செய்தால் விளக்குகிறேன் என்று கடை நம்பர் கொடுத்தேன்.

வாங்க வேண்டியது: முதுகுக்குத் தைலம், குப்பூஸ் ரொட்டி, பிளேடு.

11, வியாழன்

கடையில் கூட்டம். போன். பீட்டர். மெல்போர்னில் என் பக்கத்து மேஜைக்காரன், கேமுக்கு ஒலி அமைத்துத் தந்தவன். என் மெயில் அவனுக்குப் போயிருக்கிறது. குரல் கிழடாகிவிட்டது. கந்தசாமியா, கந்தசாமியா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அழுகிறான்.

இத்தனை வருஷம் துக்கப்பட்டவனிடம் நீ அழுதது வேறு ஆளுக்கு என்று எப்படிச் சொல்ல?

"ஆமா பீட்டர், கந்தசாமிதான் பேசறேன்."

ரஃபி பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

12, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். நெட் கஃபே போய்ப் பார்த்தேன். திருத்திவிட்டார்கள். என் பெயர் எங்கும் இல்லை. கந்தசாமி நலமாக இருக்கிறார், துபாயில் வசிக்கிறார் என்று போட்டிருக்கிறது.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. அப்பா பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை.