இருபத்து மூன்றாவது இலை

சர்க்கரைக்கு நல்லது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதிலிருந்து தினமும் காலையில் நாலு கொய்யா இலை பறித்துக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். சர்க்கரை குறைந்ததாகத் தெரியவில்லை. இலைக்காம்பை முறித்ததும் வருகிற அந்தத் துவர்ப்பு வாசனைக்காகத்தான் விடாமல் குடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். உன் முன்னறை முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். கடைசி ஒரு வருஷம் நீ எந்தப் பவுடர் பூசினாலும் உன்மேல் கொய்யாதான் மணத்தது.

ஒருநாள் போனில் கூப்பிட்டாய். "வாடி, ஒண்ணு காட்டணும். போன்ல சொல்ற சங்கதியில்ல." ராமேசுவரம் பஸ்ஸில் ஏறி உச்சிப்புளியில் இறங்கி, வெயிலில் குடை பிடித்து வந்து சேர்ந்தேன். முன்னறையில், கொசுவலை அடித்த மரக்கூண்டுக்குள், தண்ணீர்ப் பாட்டில்களில் கொய்யாக் கொப்புகளைச் செருகி வைத்திருந்தாய். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் ஓய்வு பெற்றபின் கொப்பைக் கூண்டில் அடைக்கிறாளே என்று எனக்குப் பகீரென்றது.

"எத்தனைன்னு சொல்லு பாப்போம்."

"எது எத்தனை?"

"ஊது."

கூண்டின் கதவைத் திறந்தாய். குனிந்து மெல்ல ஊதினேன். எல்லா இலைகளும் அசைந்தன. என் மூச்சு நின்றதும் இலைகள் நின்றன. ஆனால் சில இலைகள் மட்டும் நிற்கவில்லை. இடமும் வலமுமாக, தாலாட்டுக்கு ஆடுவது போல, ஆடிக்கொண்டேயிருந்தன. பிறகுதான் அவற்றுக்குக் கால்கள் இருப்பதைக் கண்டேன். பூச்சி கடித்த இலை போல ஓரத்தில் பழுப்புக்கறைகூட இருந்தது. "அடியாத்தே" என்று நான் பின்னால் நகர்ந்து நாற்காலியில் இடித்துக்கொண்டேன். நீ இருமல் வரும்வரை சிரித்தாய்.

பினாங்கில் இருக்கும் உன் பழைய மாணவி, கடிதத்தோடு ஒரு சின்ன மருந்துக் குப்பியில் பஞ்சு வைத்து இந்த இலைப்பூச்சிகளின் முட்டைகளை அனுப்பியிருந்தாள். பார்த்தால் ஏதோ செடியின் விதை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஈரமணலில் போட்டு ஆறு மாதம் காத்திருந்திருக்கிறாய். "தெனமும் தண்ணி தெளிச்சேன்டி. பிள்ளைத்தாச்சிக்குக்கூட யாரும் இப்படிக் காவல் இருந்திருக்க மாட்டாக. எல்லாமே பொம்பளைங்க, பாத்துக்க. ஆம்பளத் தொணையே இல்லாம முட்டையும் போட்டுரும். என்னைய மாதிரி ஒத்தையில நிக்கிற சாதி."

நான் சிரிக்கவில்லை. "இதுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "வந்துட்டா சூப்ரண்டு," என்றாய். தாலுகா ஆபீசில் கோப்பு பார்த்தே நரைத்தவளிடம் வேறு என்ன எதிர்பார்த்தாயோ.

அன்று நாம் சண்டை போட்டோம். பூச்சிக்கெல்லாம் யார் சட்டம் போடுவார்கள் என்றாய் நீ. நான் உன்னை ஜன்னலுக்கு அழைத்துப்போய் வெளியே காட்டினேன். கண்ணெட்டும் தூரம்வரை சீமைக்கருவேலம். "அதுவும் எவனோ ஆசைப்பட்டு வெளிநாட்டுல இருந்து கொண்டாந்ததுதான். இன்னைக்கு எங்க ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குள்ள கால் வைக்க முடியல. முள்ளு. நாளைக்கு ஒன் இலைப்பூச்சி கொய்யாத் தோட்டத்துல எறங்குனா?" நீ அந்தப் பாடத்தையே நடத்தியவள். அதை உனக்கே நான் சொன்னதுதான் உன்னை அதிகம் கோபப்படுத்தியது.

ஆனாலும் நான் உன்னைத் தடுக்க நினைக்கவில்லை. அதை நீ நம்பினாயா என்று கடைசிவரை கேட்கவில்லை, இப்போது எழுதுகிறேன். நான் உனக்கு அனுமதி வாங்கித்தரத்தான் நினைத்தேன். கான்வென்ட் விடுதியில் நாம் சோப்பு டப்பாவில் பொன்வண்டு வளர்த்தது நினைவிருக்கிறதா? நான் நேராக மதர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நீ அழுதாய். மதர் சிரித்து, ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். உண்மையைத் திருத்தமாக எழுதி முறையாகக் கேட்டால் கேட்டது கிடைக்கும் என்று அன்று நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கையோடுதான் வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். அதனால்தான் உன் கையைப் பிடித்து ஒரு மனுவில் கையெழுத்து வாங்கினேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத மனு. வந்த விதம், வந்த நாடு, தீனி எல்லாம் எழுதினேன். எண்ணிக்கையும் எழுதினேன்: இருபத்து மூன்று.

வனத்துறையில், பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர் என்றால் பதிவு செய்யலாம், இது பட்டியலிலேயே இல்லை என்றார்கள். வேளாண்மை அலுவலகத்தில், இது பயிருக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். கடைசியில், வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதை, பூச்சிகளைச் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. உயிருள்ள பூச்சியைக் கொண்டுவரும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் வளர்ப்பதற்கென்று அனுமதி தருவதில்லை. வந்தபின் வாங்க வழியுமில்லை. ஆகவே பூச்சிகளையும் முட்டைகளையும் உறையவைத்து அழிக்க வேண்டும். தவறாக ஒரு வரி இல்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நீ கடிதத்தைப் படித்து மடித்து என்னிடமே கொடுத்தாய். "அன்னைக்கும் நீதான் போய்ச் சொன்னே," என்றாய். அதன்பிறகு ஐந்து வாரம் நீ என் போனை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அப்போது நீ இருந்தாய்.

அழிக்கும் நாளில் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். நீ யாரையும் சொல்லவில்லை. நானே வந்தேன். வந்த அதிகாரி நடுவயசுக்காரர், நல்ல மனிதர். ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க டீச்சர்," என்றார். நீ ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றி, ஒருமுறை ஊதி, அது ஆடி முடிக்கும்வரை காத்திருந்து அவரிடம் கொடுத்தாய். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது என் கைப்பழக்கம்.

"இருவத்திரெண்டு. மனுவுல இருவத்திமூணுன்னு இருக்கேம்மா?" என்று அவர் என்னைக் கேட்டார், உன்னையல்ல. மனுவை எழுதியவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

நான் கூண்டைப் பார்த்தேன். காலி. பிறகு சாமி அலமாரியைப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் செம்பில் ஒரு கொய்யாக் கொப்பு இருந்தது. ஆடிக் கார்த்திகைக்குக்கூட ஒரு பூ வைக்காதவள் நீ. அந்த நேரம் பார்த்து அவர், "ரொம்ப வேக்காடா இருக்கு," என்று மின்விசிறியைப் போட்டார். செம்பிலிருந்த இலைகளில் ஒன்று இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

உன் முகத்தில் ரத்தமே இல்லை. நீ என்னைப் பார்க்கவுமில்லை. என்னிடம் கேட்பதில் பயனில்லை என்று முடிவு செய்திருந்தாய்.

நான் எழுந்துபோய் அலமாரிக்கு முன்னால், அவர் பார்வைக்குக் குறுக்கே, இரண்டு கையையும் கூப்பி நின்றேன். திரும்பாமலே சொன்னேன்: "ஒண்ணு செத்துப்போச்சு."

"எப்பம்மா?"

"முந்தாநாள். நாந்தான் பொதச்சேன்."

முந்தாநாள் நான் உச்சிப்புளிப் பக்கமே வரவில்லை. அவர் இருபத்திரண்டு என்று எழுதி, அடைப்பில் 'ஒன்று இறப்பு' என்று குறித்து, சாட்சிக் கையெழுத்துக்காக மகஜரை நீட்டினார். முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவர் போனபிறகு பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாய். பாதி வழியில், "ஏன்டி, ஒனக்குக் கணக்குத் தப்புமா?" என்றாய்.

"வயசாயிருச்சுல்ல."

"பொய்யி சொல்றப்ப ஒனக்கு மூக்கு செவக்குது, தெரியுமா? சின்னதுல இருந்தே நீ பொய் சொல்லாததால யாருக்கும் தெரியல." அப்புறம் என் குடைக்குள் நுழைந்து கையைக் கோத்துக்கொண்டாய். "ஒரு முட்டைகூட வெளிய போகாதுடி. கொதிதண்ணியில போட்டுருவேன். இது ஒனக்குக் குடுக்குற வாக்கு." பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

வாக்கை நீ காப்பாற்றினாய். தினமும் காலையில் போன் செய்து, "இன்னைக்கு மூணு," "இன்னைக்கு ரெண்டு," என்று கொதிநீரில் போட்ட முட்டைக் கணக்கைச் சொல்வாய். வேறு எதுவும் பேசாமல் வைத்துவிடுவாய். ஐப்பசி மழையில் ஒரு காலை போன் வரவில்லை. பத்து மணிக்கு உன் தம்பி மகன் பேசினான். தூக்கத்திலேயே உன் மூச்சு நின்றுவிட்டது என்றான்.

உன் வீட்டில் கூட்டமாக இருந்தது. எல்லோரும் உன்னைச் சுற்றி அழுதபோது நான் சாமி அலமாரிக்குப் போனேன். கொப்பு வாடியிருந்தது. ஊதினேன். அது ஆடியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதை டிபன் டப்பாவில் வைத்து, மூடியைச் சற்றுத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு நாள் என்னோடு இருந்தது. காலையில் முட்டைகளைப் பொறுக்கிக் கொதிநீரில் போட்டுவிட்டு, அன்றைய கணக்கை உன் எண்ணுக்குச் சொல்ல போனை எடுத்து, எடுத்து, வைத்தேன். கடைசியில் அதைக் கொல்லைக் கொய்யாவின் அடியில் புதைத்தேன். ஆக, அந்த அதிகாரியிடம் நான் சொன்னது பாதி உண்மையாகிவிட்டது. புதைத்தது நான்தான்.

மகஜரின் நகல் என் கோப்பில் இருக்கிறது. என் கையெழுத்துக்கு மேலே பிழையோடு நிற்கிற ஒரே எண் அடைப்பிலுள்ள அந்த 'ஒன்று'தான். பிழையைக் கண்டால் திருத்தாமல் தூங்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதைத் திருத்தவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

நாலு இலை பறிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்று எதிர்வீட்டுக்காரி சுவர்மேல் எட்டிப் பார்க்கிறாள். கண் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். மூக்கு சிவந்திருக்கும். ஒவ்வொரு இலையையும் முறிக்கும் முன் குனிந்து, மெல்ல ஒருமுறை ஊதி, அது ஆடி நிற்கும்வரை காத்திருக்கிறேன்.