உங்கம்மாவோட பத்திரிகை எல்லாம் இன்னும் வீட்லதான் இருக்கு

பாப்பா,

நான் நல்லா இருக்கேன், அதாவது சாப்பிடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன். நீயும் அந்தக் குளிர்ல இந்த மூணையும் ஒழுங்கா செஞ்சா எனக்கு அது போதும். போன்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன். நீ அன்னிக்கு, லீவுக்கு நான் வர்றதுக்குள்ள அம்மாவோட பின்னல் நூல், பத்திரிகை, பழைய புத்தகம் எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடுங்கப்பா, என்னால அதைப் பார்க்க முடியாதுன்னு கேட்டே இல்ல, நானும் சரின்னேன். குடுக்கலை. முதல்லயே சொல்லிட்டா உனக்குத் திட்ட வசதியா இருக்கும்.

முயற்சி பண்ணலைன்னு நினைக்காதே. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் எதையும் முறையாத்தான் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் ஹால்ல கொண்டுவந்து அடுக்கினேன். பின்னல் பத்திரிகை மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு. அதைப் பார்த்து உங்கம்மா பின்னி முடிச்சது எனக்குத் தெரிஞ்சு பத்தொன்பது. அதுல ஆறு உனக்கு, நீ போட்டது ஒண்ணே ஒண்ணு, அதுவும் போட்டோவுக்கு. நூல் எங்கெல்லாம் இருந்துச்சு தெரியுமா, கட்டிலுக்கு அடியில, பெரிய குக்கருக்குள்ள, காணோம்னு நாம ஊரெல்லாம் தேடின நீல சூட்கேஸ்ல, என் ஸ்பேனர் பெட்டியோட கீழ்த்தட்டுல. இவ்வளவு எதுக்குன்னு கேட்டா, எல்லாத்தையும் பின்னியே ஆகணுமா, சிலது தொட்டுப் பார்க்கறதுக்குன்னு சொல்லுவா. அதுக்கு மேல பேசினா, நீங்க துருப்பிடிச்ச ஸ்க்ரூ சேர்த்து வெக்கலையான்னு என் பக்கம் திருப்பிடுவா.

முதல்ல பழைய பின்னல் புத்தகத்தை எல்லாம் ஒரு பெட்டியில போட்டு, உங்கம்மா வாரம் தவறாமப் போவாளே, அந்தப் பழைய புத்தகக் கடைக்கே தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் பெட்டியைப் பார்த்துட்டு, என்ன சார், மேடத்துக்குத் தெரியாமத் தூக்கிட்டு வந்துட்டீங்களா, வீட்ல அடிவிழும்னு சிரிச்சார். அவ போய் ஏழு மாசம் ஆச்சுன்னு சொன்னேன். லிஃப்ட் நின்னு ஏழு மாசம் ஆச்சுன்னு சொல்ற மாதிரிதான் இருந்துச்சு என் குரல். அவருக்குத்தான் கண்ணு கலங்கிச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலை. பெட்டியை வெச்சுட்டு வந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற பொண்ணு. அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு புத்தகம் வாங்கியிருக்கு, அட்டைக்குள்ள நம்ம வீட்டு போன் நம்பர் இருந்திருக்கு. பக்கமெல்லாம் கையால எழுதியிருக்கே, தெரியாமப் போட்டுட்டீங்களான்னு கேட்டுச்சு. அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தேன். யாரோ முன்னாடி வெச்சிருந்தவங்க ஒரு ஸ்வெட்டர் பக்கத்துல, கழுத்து அளவு கனகச்சிதம்னு மையில எழுதியிருக்காங்க. அதுக்குக் கீழே உங்கம்மா பென்சில்ல, கச்சிதமா? உங்களுக்குக் கழுத்துன்னு ஒண்ணு உண்டா இல்லையான்னு கேட்டிருக்கா. முகம் தெரியாத ஆளோட சண்டை! அதுக்கும் கீழே பச்சைப் பேனாவுல, நீங்க சொன்னதுதான் சரிக்கா, நாலு கண்ணி குறைச்சேன், கழுத்து அழகா உட்கார்ந்துச்சுன்னு இந்தப் பொண்ணு பதில் எழுதியிருக்கு. அந்த அக்கா இப்ப இல்லைன்னு சொன்னதும் பாவம் பதறிப்போச்சு, ஐயோ சார், அழிக்கவும் முடியாதே, பேனான்னு. அழிக்காதேம்மான்னேன். அடுத்த பக்கத்துல ஒரு ஆம்பளை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பல்லெல்லாம் தெரிய நிக்கறான். அவன் பக்கத்துல உங்கம்மா, இவனைப் பாரு எப்படிச் சிரிக்கிறான், நம்ம வீட்டு ஆள் ஸ்வெட்டர் குடுத்தா டேப் எடுத்து அளக்கறார்னு எழுதி வெச்சிருக்கா. அளந்தேன்தான் பாப்பா. இடது கை எட்டு மில்லிமீட்டர் அதிகம். அன்னிக்கு அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். அதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சத்தமா. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் முறைச்சாங்க. இந்த ஏழு மாசத்துல எனக்குள்ள ஏதோ ஒண்ணு அசைஞ்சது அப்பதான்.

புத்தகத்தை அந்தப் பொண்ணுகிட்டயே விட்டுட்டு நேரா கடைக்குப் போனேன். அவர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி மேஜைக்கு அடியில வெச்சிருந்தார். ஒண்ணுதான் சார் போச்சு, அதுவும் அந்தப் பொண்ணு கெஞ்சினதால, மத்தது எதையும் வெளியில வெக்கலை, நீங்க வருவீங்கன்னு தெரியும்னார். நாற்பத்திரெண்டு வயசு ஆளு, பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். இப்ப எல்லாம் என் ரூம் அலமாரியில இருக்கு, என் சட்டை எல்லாம் நாற்காலிக்கு வந்துடுச்சு. ஹாலும் உன் ரூமும் காலி, உன் கண்ணுல ஒண்ணும் படாது. உனக்குக் குடுத்த வாக்கை நான் மீறிட்டேன், ஆனா இதுக்கு மேல என்னால முடியாது. என்னைப் புரிஞ்சுக்கோ.

இன்னொண்ணு. நேத்து இந்த மாசப் பத்திரிகை உங்கம்மா பேர்ல தபால்ல வந்துச்சு. சந்தா இன்னும் முடியலை போல. அதை இதோட அனுப்பறேன். அவ கை படாதது, அவ எழுத்து ஒண்ணும் இருக்காது, பயப்படாம பிரிக்கலாம்.

எந்தக் குறையும் இல்லாம, நினைச்சது நடந்து, நல்லா இரு கண்ணு. வெளிய போகும்போது ஹீட்டரை அணைச்சியான்னு ரெண்டு தடவை பாரு. அப்புறம் அந்தப் பத்திரிகையில பன்னெண்டாம் பக்கத்துல உனக்கு ஏத்த மாதிரி ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் இருக்கு. பக்கத்துல பென்சில்ல, நல்லாத்தான் இருக்கு, பாப்பா போட மாட்டாள்னு எழுதியிருக்கேன். கீழே இடம் விட்டிருக்கேன்.

உன்
அப்பா